மணியம்மாளின் இடது கண்

2002ஆம் ஆண்டு ஆடி மாதம் மணியம்மாள் மூன்றாவது பரிசோதனைக்கு வரவில்லை. கடிதம் போட்டும் பதில் இல்லாததால் அறிவுமதியே சென்னையிலிருந்து பஸ் ஏறினாள்.

அவள் பல் மருத்துவத்தில், முகத்துக்குச் செயற்கை உறுப்பு செய்யும் பிரிவில் மேற்படிப்பு மாணவி. புற்றுநோயால் கண்ணோ மூக்கோ இழந்த இருபத்திரண்டு பேருக்குச் சிலிக்கோன் ரப்பரில் உறுப்பு செய்து பொருத்தி, வெயிலிலும் வியர்வையிலும் அது எத்தனை மாதம் நிறம் மாறாமல் இருக்கிறது என்று பார்ப்பது அவளுடைய ஆராய்ச்சி.

மணியம்மாள் அடி அண்ணாமலையில் இட்லிக்கடை வைத்திருந்தவள். அறுவை சிகிச்சையில் இடது கண்ணையும் கன்னத்தின் மேற்பகுதியையும் எடுத்த பிறகு, துணி கட்டிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தாள். கிரிவலம் வந்தவர்கள் அவளைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்கு நடந்தார்கள். அறிவுமதி செய்த கண்ணை மாட்டிக்கொண்டு முதன்முதலில் கண்ணாடியில் பார்த்தபோது, "என்னிய மாதிரியே இருக்கறேன்" என்றாள். அதன் பிறகு கடைக்கு மறுபடியும் ஆட்கள் வந்தார்கள்.

இப்போது கடை மூடியிருந்தது. அவள் கணவன் சடையன் வாசலுக்கு வந்தான்.

"படுத்தே கெடக்குது டாக்டரம்மா. எந்நேரமும் தலவலின்னுது."

மணியம்மாள் சிலிக்கோன் கண்ணோடு எழுந்து உட்கார்ந்தாள். கழற்றச் சொன்னதும், "அவர வெளிய போவ சொல்லுங்க" என்றாள்.

"ஒம்பது மாசமா எனக்குக் காட்டினதே இல்ல. தூங்கறப்பகூடக் கழட்டாது" என்று சொல்லிக்கொண்டே சடையன் வெளியே போனான்.

கழற்றியதும் நாற்றம்தான் முதலில் வந்தது. கண் இருந்த குழியின் ஓரத்தில் நெல்லிக்காய் அளவுக்குச் சதை வளர்ந்து, அதில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"எப்போலருந்தும்மா?"

"தை மாசமே வந்துடுச்சு. போன தபா நீங்களும் பாத்தீங்களே, செவப்பா."

அறிவுமதிக்கு நினைவு வந்தது. மாசியில் துவரம்பருப்பு அளவில் ஒரு சிவப்பு. 'பசை வைத்து ஒட்டிய ஓரத்தில் உராய்வு' என்று எழுதிவிட்டு, சிலிக்கோனின் ஓரத்தைக் கொஞ்சம் தேய்த்துக் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

"அப்பவே வலிச்சுதா?"

"வலிச்சுது."

"ஏன் சொல்லல?"

"கலர் மாறுதா, பசை ஒட்டுதானு கேட்டீங்க. வலிக்குதானு கேக்கலியே." மணியம்மாள் தலை குனிந்துகொண்டாள். "சொன்னா, கண்ண வாங்கினு மறுபடியும் துணிய கட்டிடுவீங்களோனு பயம்."

அடுத்த நாளே அவளைச் சென்னைக்கு அழைத்துப் போனார்கள். நோய் எலும்பைத் தாண்டி மூளை வரைக்கும் போய்விட்டது, இனி கத்தி வைக்க முடியாது என்றார் அறுவை சிகிச்சை நிபுணர். வலிக்கு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். புரட்டாசியில் அவள் இறந்தாள்.

"பாதியில நின்னுட்டாங்கனு போட்டுடு" என்றார் பேராசிரியர். "நம்ம ஆராய்ச்சி நெறத்தப் பத்தினது."

அறிவுமதி அப்படிப் போடவில்லை. மாசியில் தான் பார்த்ததையும், அதைத் தவறாக எழுதியதையும் ஆய்வேட்டில் சேர்த்தாள். பேராசிரியர் கையெழுத்துப் போட மறுத்ததில் அவள் பட்டம் ஓராண்டு தள்ளிப்போனது. அதற்குள் மீதி இருபத்தொரு பேரையும் வரவழைத்து, வலியைக் கேட்டு, நிபுணரிடம் காட்டினாள். வேணு என்பவருக்கு மூக்கோரத்தில் மிளகளவு புண் இருந்தது. உடனே வெட்டி எடுத்தார்கள், அவர் பிழைத்துக்கொண்டார்.

மணியம்மாள் இறந்த நான்காம் மாதம், தையில், அறிவுமதி அடி அண்ணாமலைக்குப் போனாள். சடையன் கட்டட வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"மாசியில நான் சரியா பாத்திருந்தா உங்க சம்சாரம் பொழச்சிருக்கலாங்க. தப்பு என்னுது."

அவன் கையிலிருந்த தூக்குச்சட்டியைக் கீழே வைத்தான்.

"இத அதுங்கிட்ட சொன்னீங்களா?"

"இல்லீங்க."

"தாந்தான் சொல்லாம கெடுத்துகிட்டோம்னு சாவுறவரிக்கும் அழுதுனு இருந்துச்சு. அதுங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

சடையன் கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனான்.