தலைக்குப் பத்து மீட்டர்

தேர்தலுக்கு இருபத்தாறு நாள் இருக்கும்போது, எல்லையில் துப்பாக்கியோடு காவல் நின்ற ஒரு சிப்பாய், காலைக்கூட அசைக்காமல், வீடு இருக்கும் திசையில் நானூறு மீட்டர் நகர்ந்தார். அதே நேரத்தில், ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி, ஆளும் கட்சி வேட்பாளரின் கூட்டத்தில் அந்தச் சிப்பாயின் அம்மா மேடை ஏறியிருந்தார். அந்த அம்மா பஸ் கண்டக்டர். விசிலக்கா என்று சொன்னால்தான் ஊருக்குத் தெரியும். நம் வீரர்களின் குடும்பங்கள் இந்தப் போரைக் கொண்டாடுகின்றன என்று வேட்பாளர் முழங்கியதும் அவருக்குப் பொறுக்கவில்லை. மைக்கைப் பிடுங்கி, "எந்தக் குடும்பம் சார்? என்கிட்ட யாரும் கேக்கலையே! எனக்கு என் பையன் வேணும், சண்டை வேணாம்" என்றார். எட்டாயிரம் பேர் கூடியிருந்தும் காது கொடுத்துக் கேட்டவர்கள் நாற்பது பேர்தான். மற்றவர்கள் வேனில் ஏற்றி வரப்பட்டவர்கள். அவர்கள் பாட்டுக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

கேட்பவர் தலைக்குப் பத்து மீட்டர் என்ற கணக்கை ராணுவக் குடியிருப்பு ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டது. அடுப்படியில் நின்று புலம்பினால் ஓர் அங்குலமும் நகராது. முன்பின் தெரியாதவர்கள் கேட்க வேண்டும். அத்தனை பேரை ஓரிடத்தில் சேர்த்துத் தர தேர்தலை விட்டால் வேறு நாதி ஏது? அம்மாக்களும் மனைவிமார்களும் மாமனார்களும் கட்சி பார்க்காமல் ஒரு நாளைக்கு மூன்று கூட்டம் ஏறி இறங்கினார்கள். அங்கே சிப்பாய்கள் விறைப்பாக நின்றபடியே வயலையும் பாலத்தையும் தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். அதிகாரிகள் அவர்களைக் கம்பத்தில் கட்டிப் பார்த்தார்கள். கம்பமும் சேர்ந்து வந்தது. யாரும் காவலை விட்டு ஓடவில்லை, நின்ற இடம்தான் நகர்ந்திருக்கிறது என்று விசாரணைக் குழு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. மேடையில் பேசுகிற குடும்பம் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கையும் தயாரானது. அதை அனுப்ப வேண்டிய குமாஸ்தாவின் மச்சானும் சிப்பாய், அவர் அப்போது பாதி வழியில் ஒரு ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்ததால், அறிக்கை மேஜை இழுப்பறையிலேயே தங்கிவிட்டது.

பிரசாரம் முடிய மூன்று நாள் இருக்கையில் குடியிருப்பில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஆள் வந்து சேர்ந்தாயிற்று. வராதவர் தையல்காரியின் கணவர் ஒருவர்தான். அவர் படையில் சமையல்காரர். அவளோ அளவு சொல்வதைக்கூட வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டு முணுமுணுப்பவள். இரண்டு முறை மேடை ஏறி, மைக்கைப் பார்த்து வெலவெலத்து, வணக்கம்கூடச் சொல்லாமல் இறங்கிவிட்டாள்.

"ஆறு அண்டா ஆக்கி வெச்சிருக்கேன், சாப்பிட மூணே மூணு ஆபீசருங்கதான் இருக்காங்க" என்று அவர் போனில் சிரித்தார். பிறகு குரலை இறக்கி, "நேத்து பக்கத்துக் கூடாரத்துல குண்டு விழுந்துச்சு" என்றார். அவள் போனை வைத்துவிட்டு விசிலக்காவிடம் ஓடி ஓவென்று அழுதாள்.

"உள்ள போங்க, உள்ள போங்கன்னு பஸ்ல கத்த எனக்கும்தான் மொதல்ல வெக்கமா இருந்துச்சு. நீ கத்தாத. உனக்கு வர்ற மாதிரி சொல்லு, போதும்" என்றார் விசிலக்கா.

கடைசி நாள் கூட்டத்துக்கு ஐம்பதாயிரம் பேர் வந்திருந்தார்கள். காற்றில் மேடைத் திரை, 'வெற்றி வரை போர்' என்ற எழுத்துக்கு நடுவே, கிழிந்து தொங்கியது. தைக்கத் தையல்காரியைத்தான் கூப்பிட்டார்கள். அவள் பாதித் தையலில் ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டு, வாயிலிருந்த குண்டூசிகளைத் துப்பிவிட்டு, மைக் முன்னால் வந்து நின்றாள். குரல் முணுமுணுப்புக்கு மேல் எழும்பவே இல்லை. என்ன சொல்கிறாள் என்று முன்வரிசை கூர்ந்து பார்த்தது, பின்வரிசை, "உஷ்! சத்தம் போடாதீங்கப்பா" என்றது. தூங்கிக்கொண்டிருந்தவர்களும் இந்த அமைதியில் திடுக்கிட்டு விழித்தார்கள். வேன் டிரைவர்கள் என்ஜினை நிறுத்தினார்கள்.

"எங்க வீட்டுக்காரர் சமையல்காரர்ங்க. அவருக்கு யாரு மேலயும் கோவம் இல்ல, எனக்கும் இல்ல. அவர் வீட்டுக்கு வரட்டும். அந்தப் பக்கமும் ஒருத்தர் சமைச்சுக்கிட்டு இருப்பாரு இல்லீங்களா? அவரும் அவர் வீட்டுக்குப் போகட்டும்."

மறுநாள் காலையில் எதிரி நாட்டுச் செய்தித்தாளில், வானிலை அறிக்கைக்குக் கீழே, தங்கள் படைச் சமையல்காரர் வீட்டு வாசலில் நின்றபடி வந்து சேர்ந்ததாக நாலு வரி வந்தது. இரண்டு பக்கமும் சமைக்க ஆளில்லாமல் போனதால், எஞ்சியிருந்த அதிகாரிகள் மூன்றாம் நாளே பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தார்கள். வேட்பாளருக்கு டெபாசிட் போனது. அவர் வீட்டிலேயே இரண்டு ஓட்டு எதிராக விழுந்தது என்று சொல்கிறார்கள்.

நம் சமையல்காரர் கூட்டம் நடந்த அன்று மாலையே கரண்டியும் கையுமாகக் கடைத்தெரு வழியாக நகர்ந்து வந்தார். பஸ்கள் ஒதுங்கி வழிவிட்டன. வீட்டுக்குப் பத்து மீட்டர் இருக்கும்போது சட்டென்று நின்றுவிட்டார். மைதானத்தில் ஒரே ஒருவர் மட்டும் கேட்கவில்லை. வேட்பாளர், மேடையிலேயே முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. தையல்காரி வாசலில் நின்றாள்.

"என்னம்மா, ஒரு வார்த்தையும் பேச மாட்டியா?" என்றார் அவர்.

"அம்பதாயிரம் பேர்கிட்ட பேசியாச்சு. மிச்சத்தை நீங்க நடந்து வாங்க" என்றாள் அவள்.

அவர் நடந்து வந்தார்.