சிவக்காத கண்

வெங்கடேசன் மேஸ்திரிக்கு நான் தரவேண்டியது ஏழாயிரத்து நானூறு ரூபாய். மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்து, ரத்தத்தில் கிருமி ஏறி, பதினெட்டு நாள் ஆக்சிஜனில் கிடந்தபோது வாங்கிய அட்வான்ஸ். அது தீரும்வரை லீவு கேட்கக்கூடாது என்பது பேச்சு.

ஆனால் லீவு கிடைக்காததால்தான் போகவில்லை என்று சொன்னால் அது பொய். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் திலகவதி சீட்டில் வட்டம் போட்டுக் கொடுத்திருந்தார்: பிறந்த முப்பது நாளுக்குள் கண் பரிசோதனை. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு மடித்து வைத்தேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பதினோரு வருடமாக வெல்டிங் பிடிக்கிறவன் நான். கண் கெட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும், சிவக்கும், நீர் கொட்டும். தாய்ப்பால் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டு படுத்தால் காலையில் அடங்கிவிடும். தினமும் வேலை விட்டு வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மகளின் கண்ணைப் பார்ப்பேன். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது, கறுப்பு பளபளவென்று. "சிவப்பு இல்ல, தண்ணி இல்ல. இன்னாத்துக்கு ஆஸ்பத்திரி?" என்றேன். என் மனைவி சுகிர்தா நம்பினாள். கண் விஷயத்தில் எங்கள் தெருவே வெல்டர் சொல்வதைத்தான் கேட்கும்.

நாற்பதாம் நாள் காலை, ஷெட்டில் இருந்தபோது திலகவதி போன் செய்தார்.

"கண்ணு காட்டுனீங்களா?"

"நல்லாகீது சிஸ்டர். நானே தெனம் பாத்துக்கினுதான் கீறேன்."



"நீங்க பாக்கிறது வாசல்ண்ணா. நோவு பின்கட்டுல. கண்ணுக்குப் பின்னாடி திரையில ரத்தக்குழா கோணல்மாணலா வளந்து, திரையையே பிச்சிடும். வெளிய ஒண்ணும் தெரியாது. தெரியறப்போ பார்வை போயிருக்கும். நாளைக்கே போங்க. பால் கீல் ஊத்தலியே?"

"ஒரு தபா..."

"கிருமியில பொழைச்ச கொழந்தைண்ணா அது!"

மேஸ்திரியிடம் போய் நின்றேன்.

"இன்னா ஸ்டீவா, கண்ணு சூப்பரா கீதுன்னு டீக்கடையில நீதானே அளந்துக்கினு இருந்த?"

"தப்பா பாத்துட்டேண்ணா."

"நாளைக்கி லோடு போவுது. போறதுன்னா வாங்குன அட்வான்ஸ் துட்ட வெச்சிட்டுப் போ. பேஜாரு பண்ணாத."

வைக்காமலே போனேன். மறுநாள் காலை ரயிலில் ஜன்னல் வெயில் குழந்தையின் முகத்தில் விழும்போதெல்லாம் கண்ணைச் சுருக்குகிறாளா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். பொன்னேரிக்கு முன்னால் ஒருமுறை சுருக்கினாள். மீஞ்சூரில் சுருக்கவில்லை. இன்னும் குனிந்தேன். சுகிர்தா துண்டை இழுத்து குழந்தையின் முகத்தை மூடினாள்.

"போதும். நீ பாத்தது போதும்."

பட்டணத்துக் கண்ணாஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டுக் காக்கவைத்தார்கள். டாக்டரம்மா நெற்றி விளக்கோடு குனிந்து நெடுநேரம் பார்த்தார். குழந்தை வீறிட்டது.

"ரெண்டு கண்ணுலயும் இருக்கு. திரை இன்னும் விலகல. இன்னைக்கே லேசர் வைக்கணும்."

"பார்வை வந்துருமா மேடம்?"

"வெச்சுட்டுத்தான் பாக்கணும். முப்பது நாளுக்குள்ள வரச் சொல்லியிருந்தாங்களே?"

நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள். அதன் குல்லா மட்டும் சுகிர்தாவின் கையில் இருந்தது.

மேஸ்திரி போன் செய்தார். "உன் பதினோரு நாள் கூலியில அட்வான்ஸக் கழிச்சிட்டேன். கணக்கு தீந்துச்சி. உன் எடத்துல வேற ஆளு நிக்கிறான். உன் வெல்டிங் கண்ணாடி ஷெட்லயே கீது, வந்து எடுத்துக்க." வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "கொழந்தைக்கு இன்னா சொன்னாங்க?"

"உள்ள எடுத்துக்கினு போயிருக்காங்கண்ணா."

கதவில் ஒரு பலகை மாட்டியிருந்தது. எழுத்துக் கூட்டினேன். லேசர் நடக்கிறது. பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் உள்ளே வரக்கூடாது. கதவின் அடி இடுக்கில் பச்சை வெளிச்சம் விட்டுவிட்டு மின்னியது. பதினோரு வருடப் பழக்கம், முகம் தானாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. திரும்பிய பக்கத்தில் சுகிர்தா குல்லாவுக்குள் தன் விரல்களை நுழைத்துக்கொண்டு, இமைக்காமல் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.