இடுப்பில் சுற்றிய துணி

மாடல் என்றால் விளம்பரப் பலகையில் சிரிக்கிறவள் என்றுதான் எங்கள் சொந்தக்காரர்களுக்கு நினைப்பு. எந்தத் தெருவில் நின்றால் பார்க்கலாம் என்று என்னைத் துளைத்தெடுப்பார்கள். என் தங்கச்சியின் முகம் எங்கேயும் வராது. துணிக் கம்பெனியின் சாம்பிள் அறையில் அவள் நிற்பாள். முதலில் தைத்த உடுப்பை அவள் மேல் போட்டுப் பார்ப்பார்கள். கையைத் தூக்கு, குனி, உட்கார் என்பார் கட்டிங் மாஸ்டர். எங்கே பிடிக்கிறது, எங்கே தொங்குகிறது என்று அவள் சொல்ல வேண்டும். அவள் சொல்லை நம்பித்தான் ஆயிரக்கணக்கில் வெட்டுவார்கள். மீடியம் சைஸுக்கு அளவு உடம்பு என்பதால் கம்பெனியில் அவளுக்குப் பெயரே மீடியம். "மீடியம் சாப்பிட்டாச்சா?" என்று வாட்ச்மேன்கூடக் கேட்பார்.

நான் அங்கேயே இஸ்திரி போடுகிறவள். பதினெட்டு வருஷம் நின்று நின்று கால் நரம்பு சுருண்டுவிட்டது. அவளும் ஆறு வருஷம் தையல் மிஷினில் முதுகு ஒடிந்தவள்தான். அங்கிருந்து எழுந்து வந்தவளைத் திரும்பவும் அங்கே போய் உட்காரச் சொன்னால் உயிர் போகிற மாதிரி இருக்கும்.

அந்த வேலைக்கு ஒரே சட்டம். திங்கட்கிழமை தோறும் டேப் வைப்பார்கள். இடுப்பு இருபத்தெட்டு. அரை இஞ்ச் முன்னே பின்னே இருக்கலாம். அதைத் தாண்டினால் வேறு ஆள்.

கூடிவிடுமோ என்றுதான் இந்த வேலை பார்க்கிறவர்கள் பயப்படுவார்கள். இவளுக்குக் குறைந்தது. வயிறு நிறையத்தான் சாப்பிட்டாள், குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், அப்படியும் உருகிக்கொண்டே போனாள். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். படுக்கச் சொல்லிவிட்டால் வேலை போச்சு, இந்த சீசன் முடியட்டும் என்றாள். சரி என்றேன். சரி என்றதோடு விட்டேனா? பழைய விரிப்பைக் கிழித்து, நாலாக மடித்து, தட்டையாக இஸ்திரி போட்டு, கம்பெனி கக்கூசில் வைத்து அவள் இடுப்பில் உள்பாவாடைக்கு அடியில் சுற்றித் தைத்துவிட்டவள் நான்தான். டேப் இருபத்தெட்டு காட்டியது. மூன்று மாதம் காட்டியது.

பிறகு ஒரு லோடு ஸ்கர்ட் திரும்பி வந்தது. இடுப்புப் பட்டி சதையை அறுக்கிறது என்று புகார். சூப்பர்வைசர் நேரே பட்டி தைக்கிறவளிடம் போய்க் கத்தினார். இரண்டு பிள்ளைக்காரி. கோட்டின் மேல்தான் ஓட்டினேன் என்று அவள் எத்தனை தடவை சொல்லியும் கேட்க ஆளில்லை. சாயங்காலத்தோடு வீட்டுக்குப் போ என்றுவிட்டார்.

அன்று மதியம் மாஸ்டர் அதே ஸ்கர்ட்டை மீடியத்துக்குப் போட்டுப் பார்த்தார். நான் இஸ்திரி போட்ட சாம்பிளோடு வாசலில் நின்றேன். வசதியாக இருக்கிறது என்றாள் தங்கச்சி. மாஸ்டர் பட்டியில் குண்டூசி குத்தினார். தலை வரைக்கும் உள்ளே போனது. அவள் இமைகூட அசையவில்லை.

"குத்தலையா?" என்றார்.

"இல்ல மாஸ்டர்."

"முழு ஊசியும் உள்ள போயிருக்கும்மா."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. எனக்கும்தான். பட்டி இத்தனை நாளும் கடித்தது துணியை. அவளுக்கு உறைக்கவே இல்லை. வசதியாக இருக்கிறது என்று அவள் பொய் சொல்லவில்லை.

மாஸ்டர் மற்றவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். நான் கத்தரியால் நூலை வெட்டினேன். துணி காலடியில் விழுந்தது. மாஸ்டர் டேப் வைத்தார். எத்தனை என்று தங்கச்சி கேட்டாள். இருபத்தி நாலரை.

"அப்ப மூணு மாசமா நான் வெட்டினதெல்லாம் யாரு உடம்புக்கு?"

"என் உடம்புக்குத்தான் மாஸ்டர். போன வருஷத்து உடம்புக்கு."

என்னைப் பார்த்து, நீயுமா என்று கேட்டார். நான் கீழே கிடந்த துணியை எடுத்துச் சுருட்டினேன். இதை வெளியே சொல்லாமல் விட வழி இருக்கிறதா என்று அந்த நேரத்திலும் என் மனசு கணக்குப் போட்டது. தங்கச்சி அந்தக் கணக்கைப் போடவில்லை. ஸ்கர்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தையல் பகுதிக்கு நடந்தாள். சூப்பர்வைசர் முன்னால் நின்று, பட்டியில் குற்றமில்லை, குற்றம் என்னுடையது என்றாள். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

பட்டி தைக்கிறவள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "உன் சோத்தைக் காப்பாத்த என் அடுப்புல தண்ணி ஊத்தப் பாத்தியேடி" என்றாள்.

மறுநாள் மாஸ்டர் தையல் பகுதியில் வரிசையாக டேப் வைத்துப் பார்த்தார். இருபத்தெட்டுக்குச் சரியாக நின்றது அந்தப் பட்டிக்காரிதான். கணக்கை முடித்துக்கொண்டு போக வந்திருந்த தங்கச்சி சாம்பிள் அறையை எட்டிப் பார்த்தாள். புது ஆள் கைகளைத் தூக்கியபடி, முகத்தை இறுக்கி, மூச்சைப் பிடித்து நின்றாள்.

"பிடிச்சா பிடிக்குதுன்னு சொல்லுங்கக்கா. பொறுத்துக்கிட்டு நிக்காதீங்க."

"இதை நீ எனக்குச் சொல்றியா?" என்றாள் அவள். தங்கச்சியின் தோள் எலும்பைப் பார்த்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

"இனிமேதான்."

"இன்னும் ஏன் இங்க நிக்கிற?" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் பக்கம் திரும்பி, அக்குள் பிடிக்கிறது என்றாள்.

நான் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு வந்து தங்கச்சியின் கையைப் பிடித்தேன். பிடிக்குள் அது சின்னதாக இருந்தது.