புதன்கிழமை மிதக்கும் சுக்குக் கிடங்கு

கொச்சங்காடியில் சிகாபுதீனின் சுக்குக் கிடங்கு, நவம்பர் மாதத்து ஒரு புதன்கிழமை மாலை மூன்றே முக்காலுக்கு, உள்ளே பதினொரு ஆராய்ச்சி மாணவர்களோடு தரையை விட்டுக் கிளம்பிக் காயலில் மிதந்தது. ஓடு ஒன்றும் உடையவில்லை. ஜூ டவுன் என்கிற யூதர் தெருப் பக்கம் நின்ற சுற்றுலாப் பயணிகள் அதற்கு டிக்கெட் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்கள்.

மாணவர்கள் அங்கே கூடியதற்குப் பல்கலைக்கழகம்தான் காரணம். ஆராய்ச்சி செய்கிறவர்களே ஒருவருக்கொருவர் துணையாகவும், படிப்புக்குப் பிறகான வேலைக்குத் தயாராகவும் ஏதாவது நடத்தினால் நிதி தருவதாக அது அறிவித்திருந்தது. பேராசிரியர்கள் தலைமை தாங்கக் கூடாது என்பது விதி. மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளி காளிமுத்துவின் மகள் சுபாஷிணி அன்றே விண்ணப்பித்தாள். அவள் ஆறாம் ஆண்டாகக் காயல் சேற்றின் உப்பை அளந்துகொண்டிருந்தாள். சில வாரங்களில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது ஆய்வுக்கூடத்துக் காவலாளி மட்டும்தான். புதன்தோறும் ஒரு மணி நேரம் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுவது. அடுத்த மணி நேரம், படித்து முடித்து வேலைக்குப் போன ஒருவர் வந்து, நேர்காணலில் சொன்ன பொய்கள் உட்பட எல்லாவற்றையும் சொல்வது. இதுதான் திட்டம். பல்கலைக்கழக அறைகளில் சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது ஒரு கைடு இருப்பார். அதனால் சிகாபுதீனைக் கேட்டாள். "குடோன் சும்மாதானே கெடக்குது மோளே. சுக்கு மேல மட்டும் உக்காராதீங்க" என்றார் அவர்.

எல்லோரும் எழுதுகிறபோதெல்லாம் கிடங்கு மிதந்தது. மூன்றாவது வாரம், இடக்கொச்சிக்குப் பக்கத்தில், மாணவர்களில் ஒருவனான ஷானவாஸ் விளையாட்டாக ஒருத்தியிடம் "தீசிஸ் எப்ப முடியும்?" என்று கேட்டான். கிடங்கு முழங்கால் ஆழத்துக்கு இறங்கியது. நான்கு மூட்டை சுக்கு நனைந்தது. இங்கே யாரும் யாரிடமும் தேதி கேட்கக் கூடாது என்று சிகாபுதீன் சுவரில் மலையாளத்தில் எழுதி வைத்தார். அதன்பின் ஒரு வருடம் தொந்தரவில்லை. வேலை முடிந்து வரும் காளிமுத்து, திரும்பி வரும் கிடங்கைக் கயிறு போட்டுக் கட்டுவார். காலியான இடத்தில் அக்கம்பக்கத்தார் மீன் காயப்போட்டார்கள். ஐந்து வருடத்தில் ஒரு அத்தியாயமும் முடிக்காத சுபாஷிணி, அந்த ஒரு வருடத்தில் மூன்று முடித்தாள். அண்ணன் சிஜு அவளுக்குக் கன்டெய்னர் யார்டு அலுவலகத்தில் வேலை பார்த்து வைத்திருந்தான். "கூட்டம் நின்னா மறுநாளே வேலைக்கு வரேன்" என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

இரண்டாம் ஆண்டு நிதிக்கு முன், இடத்தைப் பார்வையிடப் பல்கலைக்கழகத்திலிருந்து வெங்கிடாசலம் என்கிற அதிகாரி வந்தார். விண்ணப்பத்தில் இருந்த கதவு எண்ணில் நெத்திலி காய்ந்தது. காளிமுத்து நாற்காலி போட்டார்.

"உக்காருங்க சார், சாயா குடிங்க. அஞ்சு மணிக்கு வந்துரும்."

"என்ன வரும்?"

"குடோன்தான் சார்."

"கட்டடம் எங்கய்யா போகும்?"

"இடக்கொச்சி வரைக்கும். காத்து நல்லாருந்தா கொஞ்சம் அங்கிட்டும் போவும்."

வெங்கிடாசலம் படகு பிடித்துப் போய்க் கிடங்கில் ஏறினார். படிவத்தின் ஒன்பதாவது கேள்வி, பங்கேற்பாளர் ஒவ்வொருவரும் ஆய்வேட்டை முடிக்கும் தேதி. சுவரில் எழுதியிருந்ததை அவர் படித்தார். ஆனால் படிவம் படிவம்தான். சுபாஷிணியிடம் கேட்டார்.

"எப்பம்மா முடியும்?"

பேனாக்கள் நின்றன. வாசற்படி வழியே தண்ணீர் வந்தது. சுபாஷிணி பயந்துபோய் "மார்ச்" என்றாள். அது பொய், தண்ணீர் இன்னும் வேகமாக வந்தது. "சார், சுக்கு!" என்று கத்தினார், மூட்டைகளுக்குக் காவலாகக் கூடவே வரும் சிகாபுதீன். எழுதிய மூன்று அத்தியாயமும் யார்டு அலுவலகத்து மேசையும் ஒரே நேரத்தில் சுபாஷிணியின் கண்முன் வந்தன. அப்போதுதான் வெங்கிடாசலத்தைக் கவனித்தாள். ஷூ நனைவதை அவர் பார்க்கவில்லை. தோல்பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். பையை அப்படித் தூக்குகிறவர்களை அவளுக்குத் தெரியும்.

"உள்ள எத்தனாவது அத்தியாயம் சார்?"

அவர் பையை இறக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். "மூணாவது," என்றார். "பத்தொம்பது வருஷமா."

எப்போது முடியும் என்று யாரும் கேட்கவில்லை. ஷானவாஸ் நகர்ந்து இடம் கொடுத்தான். ஹிஸானா என்கிற மாணவி பேனா கொடுத்தாள். அவர் உட்கார்ந்து, பழுப்பேறிய கடைசித் தாளில் பாதியில் நின்ற வாக்கியத்தைத் தொடர்ந்தார். மற்றவர்களும் எழுதத் தொடங்கினார்கள். தண்ணீர் வந்த வழியே வெளியேறியது. கிடங்கு முன்னைவிட ஒரு சாண் உயரமாக மிதந்து ஐந்து மணிக்குக் கொச்சங்காடி வந்து சேர்ந்தது.

அவர் அறிக்கையில் "இடம்: விண்ணப்பத்தில் உள்ளபடியே, சற்றுத் தெற்கே" என்று இருந்தது. ஒன்பதாவது கேள்வி கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. நிதி வந்தது. சுபாஷிணி ஒரு ஆகஸ்ட் மாதம் ஆய்வேட்டைக் கொடுத்தாள். யார்டு வேலைக்கு வேறு ஆள் எடுத்தார்கள். இப்போது துறைமுகத்தில் தண்ணீர் சோதிக்கும் வேலையில் இருக்கிறாள். அந்த நேர்காணலில் சொன்ன இரண்டு பொய்களைப் புதன்கிழமை வந்து சொல்லிக் கொடுக்கிறாள். வெங்கிடாசலம் நான்காம் அத்தியாயத்தில் இருக்கிறார். இடக்கொச்சி மீன்காரர்கள் புதன்கிழமைகளில் நாலு மணிக்கே கிடங்குக்கு வழிவிட்டு வலையை எடுத்துவிடுகிறார்கள்.