பூவாடைக்காரி தவலை

பேத்தி கீர்த்திக்குக் காய்ச்சல் என்ற பேச்சு வாசலைத் தாண்டக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருந்தேன். வார முடிவில் அவளுக்குக் கல்யாணம். அடுத்த தெருவில் ஒரு பெண் டெங்குவில் இறந்திருந்தாள். சம்பந்தி வீட்டார் காதில் விழுந்தால் என்ன நினைப்பார்கள்?

நகராட்சியிலிருந்து வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்கும் செங்கேணி டார்ச்சோடு வந்தாள். தொட்டி, டிரம் எல்லாம் பார்த்துவிட்டுப் பூஜை அறைப் பக்கம் திரும்பினாள்.

"உள்ள தண்ணி கீதா பெரியவரே?"

"பூவாடைக்காரி தவலை கீது. அதைத் தொடக் கூடாது."

எங்கள் குடும்பத்தில் சுமங்கலியாக இறந்துபோன பெண்கள் பூவாடைக்காரியாக அந்தத் தண்ணீரில் வந்து இருப்பதாக ஐதீகம். பத்திரிகை வைத்துப் படைத்த அன்று நிரப்பினால் தாலி ஏறும் வரை அசைக்க மாட்டோம். மணப்பெண் அதன் பக்கத்தில்தான் படுப்பாள்.

"சாமி கீதுன்னா கொசு பயந்துக்கினு போயிடுமா?" என்றாள்.

"வாயை அடக்கு. நானே பாக்கறேன்."

டார்ச்சை வாங்கிக்கொண்டு போய் மாவிலைகளை விலக்கினேன். தண்ணீர் நெளிந்தது. மெல்லிய புழுக்கள் வாலை மேலே வைத்துத் தலைகீழாகத் தொங்கின. வெளிச்சம் பட்டதும் துடித்துக் கீழே இறங்கின. நடுவே கொக்கிபோல் வளைந்த சில கூட்டுப்புழுக்கள் புரண்டன.

"செவுத்துல கருப்பா ஒட்டிக்கினு கீதா?" வெளியிலிருந்து கேட்டாள்.

நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கரித்தூள் சிந்தியது போல வரிசையாக இருந்தது.

"கீது."

"முட்டை. எப்ப கழுவினீங்க?"

ஆடிப் படையல் முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்து வைத்தேன். உள்ளே கை படக் கூடாது என்பது வழக்கம். அதனால் தேய்க்கவில்லை.

"காஞ்சாலும் சாவாது. மறுபடி தண்ணி பட்டா பொரிஞ்சிடும்."

தண்ணீர்மேல் காலித் தோல்கள் மிதந்தன. அவற்றிலிருந்தவை எங்கே? பக்கத்துப் பாயைப் பார்த்தேன். கீர்த்தியின் புறங்கையில் ஒன்று உட்கார்ந்திருந்தது, கால்களில் வெள்ளை வரிகளோடு. அடித்தேன். உள்ளங்கையில் ரத்தம்.

"தாத்தா, கண்ணு வலிக்குது," என்றாள். கை நெருப்பாகச் சுட்டது.

"தினகரா! வண்டிய எடுறா!"

மகன் ஓடிவந்தான். "ஆஸ்பத்திரிக்கா? சம்பந்தி வூட்டுக்குத் தெரிஞ்சிடும் நைனா."

"நானே போன் பண்ணிச் சொல்றேன். எடு."

தவலையை முற்றத்துக்கு இழுத்து வெயிலில் கவிழ்த்தேன். தேங்காய் நாரை எடுத்து உள்ளே கைவிட்டு அழுந்தத் தேய்த்தேன்.

வண்டி தெருமுனை திரும்பும்போது யாரோ கேட்டார்கள், "இன்னா பெரியவரே, பொண்ணுக்கு?"

"காய்ச்சல்," என்றேன், தெருவுக்கே கேட்கும்படி. கீர்த்தியின் தலை என் தோளில் கனத்தது.