மஞ்சள் ஸ்பேனர்

வண்டியைக் காக்கும் பொறுப்பை முருகனிடம் ஒப்படைப்பதில் தவறே இல்லை. ஆயில் மாற்றும் வேலையையும் அவர் தலையில் கட்டினால் அவர்தான் என்ன செய்வார்? ஜெயத்தின் பிக்கப் வண்டி விஷயத்தில் நடந்தது அதுதான்.

ஜெயம் பிள்ளைப்பாக்கத்துக்காரி. குடும்ப நிலத்தைக் கம்பெனிக்காரர்களுக்கு விற்றபோது தன் பங்குக்கு வந்ததை அவள் பிக்கப்பாக மாற்றினாள். மாடி கட்டலாம் என்று கணவர் தேவராஜன் சொன்னதைக் கேட்கவில்லை. அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது, டயருக்குக் காற்று எவ்வளவு என்றும் தெரியாது. ஆனால் வண்டி வந்த நாளிலிருந்து வீட்டில் அவள் சொல்லுக்கு ஒரு மதிப்பு வந்திருந்தது. அவள் பேசும்போது தேவராஜன் டிவி சத்தத்தைக் குறைக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைப்பாக்கத்தில் ஒரு ஷெட்டில் கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் செய்கிறார்கள். அதை ஒரகடத்தில் இருக்கும் கார் கம்பெனிக்குப் பகலும் இரவும் கொண்டுபோய் இறக்குவதுதான் வண்டியின் வேலை. கம்பெனியில் கார் பூட்டும் லைன் நிற்கக் கூடாது. சட்டம் வர நேரமானால் லைன் நிற்கும், லைன் நின்றால் ஷெட் மேனேஜருக்கு அர்ச்சனை நடக்கும். அதனால் அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். “ஒரு ட்ரிப் மிஸ் ஆச்சின்னா வேற வண்டி போட்டுடுவேன்மா. அப்பறம் வந்து அழக்கூடாது.” முன்பு ஓடிய வண்டியை அப்படித்தான் அனுப்பினார் என்று ஜெயத்துக்குத் தெரியும். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பயம்தான். ஒரு ட்ரிப் தவறினால் ரூட் போகும், ரூட் போனால் வண்டி வாசலில் நிற்கும், வண்டி வாசலில் நின்றால் தேவராஜன் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

வண்டிக்கு இரண்டு டிரைவர்கள். பகலுக்கு இசக்கிதுரை. திருச்செந்தூர்ப் பக்கத்து ஆள், ஒரகடத்தில் கம்பெனிப் பையன்களோடு ஓர் அறையில் தங்கியிருந்தான். இரவுக்கு மோகன்ராஜ். உள்ளூர்க்காரன், ஷெட்டுக்குப் பின்னால்தான் வீடு. இசக்கிதுரைக்கு நெடிய கால்கள், மோகன்ராஜுக்குக் குட்டைக் கால்கள். ஒருவன் பின்னால் தள்ளிய சீட்டை மற்றவன் முன்னால் இழுப்பான். இப்படி இழுத்தும் தள்ளியும் ஒருநாள் சீட்டின் நெம்புகோல் கையோடு வந்துவிட்டது. நீதான் உடைத்தாய், இல்லை நீதான் உடைத்தாய் என்று ஆரம்பித்து, இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. அதற்குப் பிறகு வண்டிச் சாவி ஷெட்டுக்கு எதிரே இருந்த டீக்கடை ஆணியில் தொங்கியது. ஒருவன் மாட்டிவிட்டுப் போவான், மற்றவன் எடுத்துக்கொண்டு போவான். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற இரண்டு ஆண்கள் நடந்துகொள்ளும் அழகு இது.

இனி அந்த மஞ்சள் விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். வண்டியின் டேஷ்போர்டில் ஸ்பேனர் படம் போட்ட ஒரு சின்ன விளக்கு உண்டு. ஆயில் மாற்றும் சமயம் வந்ததும் எரியும். ஆயிலை மாற்றிய மெக்கானிக், சாவியை ஆன் செய்து, மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தால், விளக்கு கண்ணைச் சிமிட்டிவிட்டு அணையும். மீட்டர் மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். இதில் ஒரு சங்கதி இருக்கிறது. அந்த விளக்குக்கு ஆயிலைப் பற்றி எதுவும் தெரியாது. வண்டி ஓடிய தூரம் மட்டும்தான் தெரியும். ஆயிலை மாற்றாமல் பொத்தானை அழுத்தினாலும் அது சமர்த்தாக அணைந்துவிடும்.

கம்பெனி கேட்டில் இந்த விளக்குக்குத் தனி மரியாதை இருந்தது. எப்போதோ ஒரு லாரி உள்ளே ஆயிலைக் கொட்டிவிட்டதாம். அதிலிருந்து ஸ்பேனர் விளக்கு எரியும் வண்டிக்கு உள்ளே அனுமதி இல்லை. பகலில் அங்கே நிற்கும் செக்யூரிட்டி நயினார். இசக்கிதுரையின் ஊர்ப் பக்கம்தான், பார்த்தால் ஊர் மழையைப் பற்றி விசாரிப்பார். ஆனால் விளக்கு விஷயத்தில் சொந்தத் தம்பியே வந்தாலும் திருப்பி அனுப்புவார். இரவில் நிற்பவரும் அப்படியே. வரிசையில் நிற்கும் டிரைவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து, அந்தப் பொத்தான் வித்தையைக் கற்றுவைத்திருந்தார்கள். கேட்டைத் தாண்ட அழுத்து, நாளைக்கு ஆயிலை மாற்று. நாளை என்ற ஒன்றை மனிதன் எதற்குக் கண்டுபிடித்தான்?

ஜெயத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. வல்லக்கோட்டை போகும் வழியில் இருந்த அப்பாவு மெக்கானிக் ஷெட்டில்தான் ஆயில் மாற்றுவார்கள். மாற்றிய கையோடு வண்டி முருகன் கோயில் வாசலுக்குப் போக வேண்டும். மாலை, பானெட்டில் சந்தனம் குங்குமம், முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த சரம். எல்லாம் முடித்துத்தான் திரும்ப வேண்டும். இதனால் அந்த வண்டியைப் பொறுத்தவரை ஒரு கணக்கு உருவாகிவிட்டது. புது மாலை தொங்கினால் புது ஆயில் ஊற்றியாயிற்று என்று அர்த்தம். அப்பாவுவிடம் யாரும் கேட்பதில்லை. அவர் ஒவ்வொரு முறையும், “இந்த வண்டி கொஞ்சம் ஆயில் குடிக்குது, நடுநடுவுல குச்சிய எடுத்துப் பாருங்கபா” என்று சொல்லி அனுப்புவார். குச்சி என்றால், இஞ்சினில் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் அளவுக் கம்பி. தலையை ஆட்டிவிட்டு வருவார்கள்.

2013 ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் மாலை, மோகன்ராஜ் வண்டியை எடுத்துக்கொண்டு போனபோது கேட்டில் விளக்கு எரிந்தது. பொத்தானை அழுத்தினான், அணைந்தது, உள்ளே போனான். காலையில் ஷிப்ட் முடிந்ததும் அப்பாவுவிடம் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். நினைத்தபடி போகவும் போனான். கிருத்திகை என்பதால் ஜெயமும் கூடவே கோயிலுக்குக் கிளம்பி வந்தாள். ஆனால் அப்பாவுவின் ஷெட் பூட்டியிருந்தது. அவர் காவடி எடுத்துக்கொண்டு மலையேறியிருந்தார்.

“சாமி கும்புட்டு வுட்டுடலாம்கா. ஆயில நாளிக்கிப் பாத்துக்கலாம்” என்றான் மோகன்ராஜ். ஜெயத்துக்கு அது சரியாகவே பட்டது. சர்வீஸுக்கு நின்றால் பகல் ட்ரிப் தவறிவிடுமோ என்ற பயம் அவளுக்கு. மாலை வாங்கிப் போட்டாள், சந்தனம் வைத்தாள். எலுமிச்சைச் சரம் விற்கும் கடையில் கூட்டம் தாங்கவில்லை, அதை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

பகலில் சாவியை எடுத்த இசக்கிதுரை மாலையைப் பார்த்தான், சந்தனத்தைப் பார்த்தான், டேஷ்போர்டைப் பார்த்தான். விளக்கு இல்லை. ஆயில் மாற்றியாகிவிட்டது என்று முடிவுகட்டினான். சரம் மட்டும் பழையதாகக் காய்ந்து கிடந்தது. வேலையை அரைகுறையாகச் செய்திருக்கிறான் பார் என்று மனதுக்குள் மோகன்ராஜைத் திட்டிவிட்டு, வழியில் ஒரு சரம் வாங்கிக் கட்டினான்.

மாலையில் மோகன்ராஜ் வந்து பார்த்தால் புது எலுமிச்சம்பழம் தொங்குகிறது. அப்பாவு மதியமே திரும்பி வந்து கடையைத் திறந்திருப்பார், இவன் போய் ஆயிலை மாற்றிவிட்டு, கோயிலுக்கும் போய் வந்திருக்கிறான் என்று நினைத்தான். பரவாயில்லையே, பொறுப்பான ஆள்தான் என்றுகூட நினைத்தான். நினைத்ததை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஜெயம் வந்து பார்த்தாள். மாலை இருந்தது, சரமும் இருந்தது. ஷெட் பூட்டியிருந்ததே, எப்போது மாற்றினீர்கள் என்று அவள் கேட்கவில்லை. சரம் வந்துவிட்டதே, அதற்குமேல் என்ன கேள்வி!

வண்டி ஓடியது. பழைய ஆயிலிலேயே ஆவணியில் ஓடியது, புரட்டாசியில் ஓடியது, ஐப்பசி மழையில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடியது. ஒரு ட்ரிப்கூடத் தவறவில்லை. மேனேஜர் ஜெயத்தைக் கூப்பிட்டு, “உன் வண்டி சூப்பர்மா. இன்னொரு ரூட்டும் தர்றேன், ரெண்டாவது வண்டி போடறியா?” என்று கேட்டார். அவள் அன்று இரவு தேவராஜனிடம் அதைச் சொன்னபோது அவர் டிவியையே அணைத்துவிட்டார். அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

கார்த்திகை மாதம் ஒரு காலை, முழு லோடோடு ஒரகடம் போய்க்கொண்டிருந்த இசக்கிதுரைக்கு டேஷ்போர்டில் சிவப்பாக ஒரு விளக்கு தெரிந்தது. மஞ்சள் ஸ்பேனர் இல்லை. எண்ணெய்க் கிண்டி படம் போட்ட விளக்கு. அது என்ன என்று யோசிப்பதற்குள் இஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் அடித்த மாதிரி சத்தம் கேட்டது. புகை வந்தது. வண்டி ஓரமாக உருண்டு நின்றது. கம்பெனி கேட் அங்கிருந்தே தெரிந்தது.

ஜெயத்துக்குப் போன் போட்டான். “அக்கா, வண்டி நின்னுட்டு. சாவி போட்டா முக்கக்கூட மாட்டேங்கு.”

“லோடு?” என்றாள் ஜெயம்.

“லோடு இருக்குக்கா. லைன்ல இருந்து ரெண்டு தடவ போன் வந்துட்டு.”

“யாரையாவது புடிச்சிக் கட்டி இஸ்துக்கினாவது போவணும். இரு, வரேன்.”

தூங்கிக்கொண்டிருந்த மோகன்ராஜை எழுப்பி, அப்பாவுவையும் வரச்சொல்லி, ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். அப்பாவு பானெட்டைத் திறந்து குச்சியை உருவினார். துணியில் துடைத்து மறுபடி விட்டு எடுத்தார். நுனியில் கறுப்பாக ஒரு பிசுக்கு மட்டும் ஒட்டியிருந்தது.

“இது ஆயிலா? தாரு. இஞ்சின் புடிச்சிகிச்சிமா. ஆயில் மாத்தி எத்தினி நாளாச்சி?”

“கிருத்திகைக்கு மாத்துனாவளே” என்றான் இசக்கிதுரை.

“கிருத்திகைக்கு நான் கடையே தொறக்கலயே!”

இசக்கிதுரை மோகன்ராஜைப் பார்த்தான். நெம்புகோல் உடைந்த நாளுக்குப் பிறகு முதன்முறையாக அவனிடம் பேசினான். “மால போட்டிருந்துச்சே, லைட்டும் எரியலயே. நீ மாத்தலயா?”

“லைட்ட கேட்டுல நான்தான் அமுக்கி அணைச்சேன். எலுமிச்சம்பழம் கட்டினது யாரு? நீதான? அப்ப நீ மாத்தலயா?”

பிறகு இருவரும் மெல்ல, ஒரே சமயத்தில், ஜெயத்தின் பக்கம் திரும்பினார்கள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தன் கையால் போட்ட மாலை, அவன் கட்டிய சரம், அணைந்த விளக்கு. அவளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் தன் மேலேயே காட்டிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மொதல்ல லோட கம்பெனில கொண்டுபோய் எறக்குங்கடா” என்றாள்.

செங்கல் இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு டிராக்டரைக் கைகாட்டி நிறுத்தினார்கள். கயிறு கட்டினார்கள். இசக்கிதுரை ஸ்டியரிங்கைப் பிடிக்க, ஜெயம் பக்கத்தில் உட்கார, மோகன்ராஜ் பின்னால் நடந்துவர, டிராக்டர் பிக்கப்பை இழுத்துக்கொண்டு கம்பெனி கேட்டுக்கு வந்தது.

நயினார் வெளியே வந்தார். டிராக்டரைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், பானெட்டின் ஓரத்தில் கசிந்துகொண்டிருந்த புகையைப் பார்த்தார். டிராக்டரில் எரிவதற்கு விளக்கே இல்லாததால் அதோடு அவருக்குப் பேச்சில்லை. பிக்கப்பின் ஜன்னலுக்கு வந்து தலையை நீட்டினார்.

“சாவியப் போடுடே.”

இசக்கிதுரை போட்டான். சிவப்பு விளக்குகள் எரிந்தன. இஞ்சின் ஓடாதபோது எந்த வண்டியிலும் அவை எரியும், அது நயினாருக்கும் தெரியும். அவர் தேடியது மஞ்சளை. நன்றாகக் குனிந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மஞ்சள் இல்லை.

“ஸ்பேனரு எரியல. வண்டி சரியாத்தான் இருக்கு, உள்ள போ” என்றார்.

லோடு நேரத்துக்கு இறங்கியது, லைன் நிற்கவில்லை. ட்ரிப் தவறவில்லை. வெளியே வரும்போது ஜெயம் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். வண்டி முன்னால் தொங்கிய சரத்தைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு நயினாரிடம் போனாள்.

“கிருத்திகைக்கு மொத நாளு, இவன் அமுக்கி அணைக்கறதுக்குள்ள அந்த லைட்டப் பாத்து இந்தக் கேட்டுல திருப்பி அனுப்பியிருந்தாங்கன்னா, ஒரு ட்ரிப்புதான் போயிருக்கும் அண்ணே” என்றாள். “இன்னிக்கி ட்ரிப்பு இருக்கு, வண்டி இல்ல.”

அடுத்த வண்டி ஹாரன் அடித்தது. நயினார் போய் அதன் ஜன்னலில் தலையை நீட்டினார்.