இடது காலின் நுழைவுச்சீட்டு

பல்கலைக்கழகத்தின் புதிய விதிப்படி பேச்சிக்கனியின் இடது கால் இனிமேல் கல்லூரிக்காகக் கபடி ஆட முடியாது. வலது காலுக்கு இன்னும் ஓராண்டு பாக்கி இருந்தது.

அதுவரை ஆளுக்கு நான்கு ஆண்டு என்றுதான் தகுதியைக் கணக்கிட்டு வந்தார்கள். ஜூன் மாதம் வந்த சுற்றறிக்கை அதை உறுப்புவாரியாக மாற்றியது. காலுக்கு நான்கு ஆண்டு. கை தேர்வும் எழுதுவதால் அதற்கு ஐந்து. தலையும் உடம்பும் சுமந்து செல்லப்படுபவை என்பதால் அவற்றுக்கு வரம்பு இல்லை. பேச்சிக்கனி இளங்கலை இரண்டாம் ஆண்டு படித்தபோது வலது காலில் எலும்பு முறிந்து மாவுக்கட்டோடு இருந்தாள். அந்தக் கால் அந்த ஆண்டு ஆடவில்லை என்பதற்கு மருத்துவச் சான்றிதழ் இருந்தது. இடது கால் மட்டும் ஷூ மாட்டிக்கொண்டு அணியோடு ஊர் ஊராகப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தாலும் ஆடியதாகத்தான் கணக்கு.

இப்போது அவள் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு. பழைய விதி இருந்திருந்தால் முழுசாக வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

"ஒரு காலு இருக்குல்லா, அது போதும்" என்றாள் உடற்கல்வி ஆசிரியை ஜெபகனி மிஸ்.

பேச்சிக்கனிக்கு அது போதுமா என்று தெரியவில்லை. வடலிவிளை மகளிர் கல்லூரியின் ரைடர்களிலேயே பேர் பெற்றவள் அவள். அந்தப் பேரை வாங்கிக் கொடுத்தது இடது கால்தான். பின்னால் வீசி எதிராளியின் பெருவிரலைத் தொட்டுவிட்டு, ஒன்றும் அறியாததுபோல் திரும்பி வந்துவிடும். ஆனால் போன இரண்டு ஆண்டும் இறுதி ஆட்டத்தில் கோட்டையூர்க் கல்லூரியிடம் தோற்றதும் அந்தக் காலால்தான். இரண்டு முறையும் அவளைப் பிடித்தவள் கோட்டையூரின் கேப்டன் முப்பிடாதி. பிடித்த இடம் இடது கணுக்கால். முப்பிடாதி ஒரு வருடம் பிந்திச் சேர்ந்தவள் என்பதால் அவளுக்கு எல்லா உறுப்பும் பாக்கி இருந்தது.

பேச்சிக்கனியும் மிஸ்ஸும் பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவுக்குப் போனார்கள். எழுத்தர் பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு இடது காலைப் பார்த்தார்.

"இது காலரியில உக்காருமா, தரையில உக்காருமா?"

"என் கூடவே இருக்கணும் சார்."

"அப்ப, 'உடன் வரும் பார்வையாளர்'னு போடுதேன். போட்டோ கொண்டாந்தீகளா?"

முழங்காலுக்குக் கீழே எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படம் இரண்டைக் கொடுத்தாள். அவர் ஒன்றை ஒட்டி முத்திரை குத்தினார்.

"பார்வையாளர் களத்துக்குள்ள கால் வைக்கப்பிடாது. தெரியும்லா?"

"தெரியும் சார். தூக்கிக்கிடுதேன்."

மூன்று மாதம் ஒற்றைக் காலில் பயிற்சி நடந்தது. காலை ஐந்தரைக்குச் செம்மண் களத்தில் இறங்கினால் எட்டு மணி வரை நொண்டிக்கொண்டே கபடி பாடுவாள். வலது தொடை தூண்போல் இறுகியது. வேலையில்லாத இடது கால் மெலிந்து, வெயில் படாமல் வெளுத்தது. குளிக்கும்போது அவள் அதற்குத் தனியாக எண்ணெய் தேய்த்து, "கோவிச்சுக்கிடாத" என்பாள். அது அசையாமல் கேட்டுக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் மட்டும், தன்னைத்தான் பாதியாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று தோன்றும்.

நொண்டியபடியே வடலிவிளை அந்த ஆண்டும் இறுதி ஆட்டத்துக்கு வந்தது.

காலரியில் மூவாயிரம் பேர் இருந்தார்கள். வாசலில் சீட்டைச் சரிபார்த்த காவலர் இடது காலுக்கு வணக்கம் சொல்லி உள்ளே விட்டார். பேச்சிக்கனி சீட்டைக் கணுக்காலில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கினாள்.

முதல் ரைடிலேயே முப்பிடாதி குனிந்து, பழகிய கையால் இடது கணுக்காலை வளைத்துப் பிடித்தாள். நடுவர் விசில் ஊதினார்.

"பார்வையாளர்மேல் ஏன் கை வைக்கிறாய்?"

"கால் நீட்டினா சார்."

"சீட்டு வாங்கி வந்தவர் எங்கேயும் நீட்டிக்கொள்ளலாம். ஆட்டக்காரர்தான் தொடக் கூடாது."

முப்பிடாதி சீட்டிலிருந்த படத்தையும் காலையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒன்றாகவே இருந்தன. இரண்டு நிமிடம் வெளியே போய் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு கோட்டையூர்ப் பெண்கள் இடது கால் வந்த பக்கமெல்லாம் மரியாதையாக விலகி நின்றார்கள். அவர்கள் விலகிய இடத்தில் பேச்சிக்கனி கையை நீட்டித் தொட்டாள். இடைவேளைக்கு முன் வடலிவிளை ஆறு புள்ளி முன்னால் இருந்தது.

முப்பிடாதி எளிதில் விடுகிறவள் அல்ல. இடைவேளையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் தன் அணியை உட்கார வைத்துப் பேசினாள். இரண்டாம் பாதியில் அவர்கள் பார்வையாளரைக் கண்டுகொள்ளவே இல்லை. வலது கால் தரையில் இறங்கும் கணத்துக்காகக் காத்திருந்து, அதை மட்டும் பிடித்தார்கள். பேச்சிக்கனி மூன்று முறை அவுட்டாகி வெளியே வந்தாள். ஆட்டம் முடிய அரை நிமிடம் இருந்தபோது கோட்டையூர் இருபத்தொன்பது, வடலிவிளை இருபத்தேழு.

கடைசி ரைடு அவளுடையது. ஜெபகனி மிஸ் கோட்டோரம் வந்து நின்றாள்.

"மூச்ச விட்ராதட்டி. அதுக்கும் அவங்க வரம்பு வைக்கல."

பேச்சிக்கனி கபடி கபடி என்று பாடிக்கொண்டு உள்ளே நொண்டினாள். எதிர்ப்புறத்தில் நான்கு பேர் மிச்சம். அவளுக்கு மூன்று புள்ளி வேண்டும். ஒருத்தியைத் தொட்டுவிட்டு ஓடி வந்தால் ஒரு புள்ளியோடு தோல்வி. அவள் ஓடவில்லை. நடுவில் போய் வலது காலை ஊன்றி நின்றாள். பிடிக்கட்டும் என்று நின்றாள்.

முப்பிடாதி முழங்காலில் பாய்ந்தாள். இன்னும் இருவர் தொடையில் விழுந்தார்கள். பேச்சிக்கனி நடுக்கோட்டைப் பார்த்தபடி குப்புற விழுந்தாள். வாய்க்குள் மண் போயிற்று. மண்ணையும் சேர்த்துப் பாடினாள். மூன்று பேர் எடையை இழுத்துக்கொண்டு முழங்கைகளால் ஊர்ந்தாள். இடது கால் மட்டும் தரை படாமல் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றது. நுழைவுச்சீட்டு காற்றில் படபடத்தது.

அதைக் கண்டதும் காலரியில் இருந்த ஒருவர் எழுந்து தன் இடது காலைத் தூக்கினார். பக்கத்தில் இருந்தவரும் தூக்கினார். சக பார்வையாளர் நிற்கும்போது உட்கார்ந்திருப்பது முறையல்ல. கொஞ்ச நேரத்தில் மூவாயிரம் பேரும் ஒற்றைக் காலில் நின்று, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஒரே மூச்சில் அவளோடு பாடினார்கள். கோடு ஒரு முழம். ஒரு சாண். நான்கு விரல். அவள் நடுவிரல் நகம் கோட்டைத் தொட்டபோது விசில் கேட்டது.

முப்பது, இருபத்தொன்பது.

பேச்சிக்கனி மல்லாந்து படுத்து அழுதாள், சிரித்தாள். தோழிகள் அவளைத் தூக்கித் தலைக்குமேல் எறிந்து பிடித்தார்கள். முப்பிடாதி வந்து அவள் முகத்திலிருந்த மண்ணைத் தன் பனியனால் துடைத்துவிட்டாள்.

"மூணு பேரு எடைட்டி. எப்படி இழுத்த?"

"இழுக்கும்போது தெரியல" என்றாள் பேச்சிக்கனி. முப்பிடாதி அவள் தோளில் தட்டிவிட்டுப் போனாள்.

கோப்பையை வாங்கியதும் அணி ஊருக்குப் புறப்படவில்லை. ஜெயித்த அணி ஊருக்குப் போவதில்லை; ஊர்தான் வர வேண்டும். எல்லாரும் மைதானத்தின் கிழக்குப் புறத்தில் இடம் ஒதுக்கிக் காத்திருந்தார்கள். ஐந்து மணிவாக்கில் வடலிவிளை வந்து சேர்ந்தது. முன்னால் பேருந்து நிலையம், அடுத்து மாதா கோயில், பிறகு தெருக்கள். தெப்பக்குளத்தில் தண்ணீர் கொஞ்சம் சிந்தியிருந்தது. மூன்றாவது தெரு பேச்சிக்கனியின் முன்னால் வந்து நின்றபோது, அம்மா வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"வழியில ரயில்வே கேட்ட அடச்சிட்டாவ. அதான் லேட்டு" என்றாள் அம்மா. "கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்."